ஒட்டுக் கள்ளி

ஆறு வருடம் அவரிடம் வேலை பார்த்தேன். அந்த ஆறு வருடத்தில் அவர் வாயிலிருந்து "ஆமாம்" என்றோ "இல்லை" என்றோ ஒரு சொல் விழுந்து நான் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் "இருக்கும்" என்பார். இந்தச் செடி நிழலில் வளருமா என்றால், இருக்கும். இன்றைக்கு லாரி வருமா என்றால், இருக்கும். டீயில் சர்க்கரை போடலாமா என்று எதிர்க் கடைக்காரர் கேட்டதற்கும் ஒரு நாள் "இருக்கும்" என்றார். அந்த மனிதர் பாவம், கொஞ்சம் யோசித்துவிட்டு அரைச் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பயமெல்லாம் ஒன்றுமில்லை. பெயரைப் போட்டு எழுதி, யாராவது அதைக் கொண்டுபோய்க் காட்டி, இது நீங்கள்தானா என்று கேட்டால், அதற்கும் அதே பதிலைத்தான் சொல்வார். அந்தச் சௌகரியத்தை அவருக்குச் செய்துகொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முதலாளி என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

தேனியிலிருந்து போடி போகிற சாலையில் அவருடைய நர்சரி. மேலே பச்சை வலைப் பந்தல், கீழே ரோஜா, செம்பருத்தி, மாங்கன்று, தென்னங்கன்று, சிமெண்டுத் தொட்டிகள். அவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதியோடு பந்தலின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இருபது வருடத்துக்கு மேல் செடி விற்றவர் கையில் ஒரு நாளாவது மண் ஒட்டி நான் பார்த்ததில்லை. முகம் மட்டும் நல்ல முகம். துக்கம் கேட்க வந்தவர் மாதிரி இரக்கமாக வைத்திருப்பார். எதிரில் இருப்பவர் பேசப் பேச அந்தத் தலை மெதுவாக மேலும் கீழும் ஆடும். அந்தத் தலையாட்டலில் ஊர் மயங்கியது.

புது வீடு கட்டிய ஒருவர் வந்து கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அண்ணே, இந்த முள்ளுச் செடிய வாசல்ல வச்சா கண்ணு படாதுன்னு சொல்றாகளே, நெசமா?"

"நீங்க என்ன நெனைக்கிறீக?" என்றார் முதலாளி.

"படாதுன்னுதான் நெனைக்கிறேன்."

"இருக்கும்."

"எங்க வீட்டுல என்னன்னா, முள்ளு வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்லுது."

"அதுவும் இருக்கும்."

அவர் குழம்பிப்போனார். பிறகு தானே ஒரு வழி கண்டுபிடித்தார். "அப்ப வீட்டுக்குள்ள வைக்காம, கேட்டுக்கு வெளிய அங்கன ரெண்டு வச்சுட்டா? கண்ணும் படாது, முள்ளும் உள்ள வராதுல்ல?"

தலை ஆடியது. இரண்டு தொட்டி வண்டியில் ஏறிப் போனது.

அவர் போன பிறகு முதலாளி என் பக்கம் திரும்பி, நெஞ்சில் கையை வைத்து, "வாயத் தொறந்து ஒரு பொய் சொல்லியிருப்பேனாத்தா நான்?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அவர் சொல்லவில்லை. வேண்டிய பொய்யையெல்லாம் வாங்க வந்தவர்களே சொல்லிக்கொண்டார்கள். இவர் நாற்காலியில் உட்கார்ந்து அதற்குத் தலையாட்டியதோடு சரி. ஊரில் எத்தனையோ புளுகர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பேரில் எனக்கு ஒரு மரியாதை உண்டு, பாடுபட்டுப் புளுகுகிறார்கள். இவர் அந்தப் பாடும் படமாட்டார்.

அவருடைய மனைவி மதியம் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவருவார். வாய் ஓயாமல் பேசுகிற பெண்மணி. அந்த வீட்டில் ஒருத்தராவது பேச வேண்டும் அல்லவா. ஒரு நாள் ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவில் என்னோடு உட்கார்ந்து அவர் சொன்னார்: "பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்கப்பா நேராவே கேட்டாக. மாப்பிள்ள, பொண்ணு பிடிச்சிருக்கான்னு. இந்த மனுசன் என்ன சொன்னாரு தெரியுமா? இருக்கும்னாரு. எங்க ஆளுக அத சம்மதம்னு எடுத்துக்கிட்டு வெத்தல பாக்கு மாத்திட்டாக. பிள்ளைக ரெண்டும் காலேசு முடிச்சிருச்சுக. இன்னும் எனக்குத் தெரியலத்தா, இவருக்கு என்னையப் பிடிச்சிருக்கா இல்லையான்னு."

சொல்லிவிட்டு அந்த அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகுதான் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று பட்டது.

வடுகபட்டிப் பக்கத்திலிருந்து தோட்டம் வைத்திருக்கும் ஒரு சம்சாரி வந்ததையும் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பு அவர் எங்களிடம் மாங்கன்று வாங்கியிருக்கிறார். நாரே இல்லாத ரகமான காசாலட்டு ஒட்டுதானே என்று கேட்டிருக்கிறார். என்ன பதில் கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நான்கு வருடம் தண்ணீர் ஊற்றி, வேலி போட்டு, ஆடு மாட்டுக்குக் காவல் இருந்து வளர்த்திருக்கிறார். காய்த்தது பூராவும் நார். ஒரு பை நிறைய அந்தப் பழத்தைக் கொண்டுவந்து முதலாளியின் காலடியில் கொட்டினார்.

"இதுதான் காசாலட்டா? நாலு வருசம்யா! நாலு வருசம்!"

முதலாளி குனிந்து ஒரு பழத்தை எடுத்தார். வருத்தமாகப் பார்த்தார். "காசாலட்டுன்னு நான் சொன்னேனா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்த மனிதர் வாயைத் திறந்தார். யோசித்தார். நான்கு வருடத்துக்கு முந்திய ஒரு பேச்சை அவர் மனதுக்குள் தேடுவது முகத்தில் தெரிந்தது. தேடிப் பார்த்துவிட்டு, "நான்தான் சொன்னேன்" என்றார். காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று முழுவதும் என்னால் முதலாளியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருக்கு அது தெரிந்ததாகவும் தெரியவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். என் கையும் சுத்தமான கை இல்லை.

எங்கள் நர்சரியில் அதிகம் போனது கள்ளிதான். தேனிச் சீமையில் கரட்டுப் பக்கம் ஒதுங்கினால் கள்ளி, ஓடைக்கரையில் கள்ளி, வேலிக்குக் கள்ளி. ஒருத்தரும் அதைச் சீண்டமாட்டார்கள். அதே சாதி கையடக்கமாக, வெள்ளைப் பீங்கான் தொட்டியில், தலையில் ஒரு பூவோடு உட்கார்ந்திருந்தால் போட்டி போட்டுக்கொண்டு வாங்குவார்கள். அந்தப் பூ எங்கள் வேலை. கொடைக்கானல் பக்கமிருந்து மூட்டையில் வரும், காய்ந்தும் நிறம் போகாத ஒரு வகைப் பூ. தொட்டால் காகிதம் மாதிரி சரசரக்கும். அதைக் குளூ கன்னில் சூடாக்கிய பசையால் கள்ளியின் உச்சியில் ஒட்ட வேண்டும். ஊரில் காதில் பூச்சுற்றுவார்கள். நாங்கள் கள்ளியின் தலையில் சுற்றினோம்.

இதிலும் முதலாளியின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "பூவு அங்கன கெடக்கு. கள்ளி இங்கன கெடக்கு. பாத்துச் செய்யாத்தா." ஒட்டு என்று அவர் சொல்லவில்லை. முன்னால் இருந்த பெண் எப்படிச் செய்தாள் என்று கேட்டுத்தான் நானாகத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் வாங்க வருகிறவர்களிடம் அந்தச் சொல்லைத் தாராளமாகச் சொல்வார். பலகையிலேயே "ஒட்டுக் கள்ளி" என்றுதான் எழுதியிருந்தது. இது என்ன, இவ்வளவு சின்னச் செடியில் இவ்வளவு பெரிய பூ என்று கேட்டால், "ஒட்டு" என்பார். ஒட்டு மா, ஒட்டுக் கொய்யா என்று பார்த்துப் பழகிய ஜனம் இது. ஒரு செடியில் இன்னொரு செடியை ஒட்டுக்கட்டி எடுத்த உயர்ந்த ரகம் போல என்று நினைத்துக்கொண்டு பயபக்தியோடு வாங்கிப்போவார்கள். அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். பசை போட்டு ஒட்டியது, ஆகையால் ஒட்டு. இதைவிட நேர்மையாக ஒருத்தர் எப்படிப் பேச முடியும்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காய்ந்த பூவில் ஈரம் பட்டால் இதழெல்லாம் மடங்கி மூடிக்கொள்ளும். வெயிலில் காய்ந்தால் திரும்ப விரியும். வாங்கிப்போனவர்கள் வந்து சொல்வார்கள்: "மழ பேஞ்சா மூடிக்கிருது, வெயிலடிச்சா விரியுது. உசுருள்ள பூவுன்னா இதுல்ல!" செத்த பூவுக்கு உயிர்ப் பட்டம் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்கு என்று இன்னும் ஒன்று வாங்கிப்போவார்கள். நானும் பையில் போட்டுக்கொடுப்பேன்.

போடியில் ரிட்டையர் ஆன நர்சு அம்மா ஒருவர் இருந்தார். தாட்டியான உடம்பு, வெடுக்கென்ற பேச்சு. ஊரில் பாதிப் பேர் பிறந்ததே அவர் கையில்தான் என்று சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, அப்படியே பஸ் ஏறி எங்கள் நர்சரிக்கு வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார். அவர் ஒரு நாள் ஒட்டுக் கள்ளி ஒன்றை வாங்கிப்போய்ப் பாஸ்டர் அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிட்டார். பத்துப் பேர் சுற்றி நின்று பூவைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போது, அந்த வீட்டுக் குழந்தை பூவைப் பிடித்து இழுக்க, பூவும் அதன் அடியில் பட்டாணி அளவுக்குப் பசையும் கையோடு வந்துவிட்டன.

அடுத்த ஞாயிறு அவர் வந்தபோது நர்சரியில் நல்ல கூட்டம். முதலாளிக்கு எதிரே போய் நின்று, அந்தப் பூவையும் பசையையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"ஒட்டுன்னா ஒட்டு மாங்கண்ணு மாதிரி ஒட்டுன்னுல்ல அய்யா நெனச்சேன். இது என்ன?"

முதலாளி அதை வாங்கிப் பார்த்தார். முன் எப்போதும் பார்த்திராத ஒரு பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தார். தலை ஆடியது.

"நீங்கதான் இப்பிடிச் செய்யச் சொன்னீகளா?"

"நானா?" என்றார்.

"அப்ப இங்கன வேல பாக்குறவுக தானாச் செஞ்சதா?"

நான் அவருக்கு நாலு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். கையில் குளூ கன் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். "இருக்கும்" என்றார்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். கூட்டமே என் பக்கம் திரும்பியது. "அதான பாத்தேன். அய்யா பாவம், ஒட்டுன்னு உள்ளதச் சொல்லித்தான் குடுத்தாக. கள்ளி விக்கிற எடத்துல ஒரு கள்ளியையே வேலைக்கு வச்சிருக்காக!"

கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எதிர்க் கடையில் டீ வாங்கப் போனால், "கள்ளிக்கு ஒரு டீ" என்று எவனாவது சொல்வான். எங்கள் தெருவரைக்கும் வந்துவிட்டது. திருடி என்று ஒருத்தரும் நேராகச் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. நான் பிளஸ் டூ வரைக்கும் படித்தவள், மானமாக வேலை செய்து குடும்பத்தை ஓட்டுகிறவள். அந்த ஒரு சொல்லில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விட்டால் பெயர் அப்படியே நின்றுவிடும் என்றும் தோன்றியது. எந்த இடத்தில் அந்தப் பெயரை வாங்கினேனோ அதே இடத்தில், அதே அம்மாவின் வாயாலேயே அதை அழிக்க வேண்டும். பிறகுதான் மற்றது என்று முடிவு செய்தேன்.

எப்படி என்றுதான் தெரியாமல் இருந்தது. அந்தச் சமயத்தில் வடக்கேயிருந்து வந்த கள்ளிப் பெட்டியில் மூன்று புதுச் செடிகள் இருந்தன. எலுமிச்சம்பழ அளவு, உருண்டையாக, பூனை மயிர் மாதிரி மெல்லிய வெள்ளை முள்ளு. தொட்டியில் சொருகிய பிளாஸ்டிக் சீட்டில் இங்கிலீஷில் பெயர் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி, "ரெபுட்டியா" என்று படித்தேன். முதலாளி, "ரப்பரா?" என்றார். நானும் அவர் பாணியிலேயே, "இருக்கும்" என்றேன். அவருக்கு அது கேலி என்றே விளங்கவில்லை.

மூன்றில் ஒன்றுக்கு நானே பூ ஒட்டி அன்றைக்கே விற்றுவிட்டேன். பழகிய கை. மற்ற இரண்டையும் பற்றிப் போனில் தேடிப் படித்தது பிறகுதான். தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலையின் உயரத்தில், பாறை இடுக்குகளில் வளர்கிறதாம். குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் குளிரில் காய்ந்து கிடக்க வேண்டுமாம். அப்படிக் கிடந்தால்தான் குளிர் போனதும் மொட்டு வைக்குமாம். பூ உச்சியில் வராதாம். அடிவயிற்றிலிருந்து, பக்கவாட்டில் கிளம்புமாம். அந்தப் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரக்கணக்கில் பூ ஒட்டியிருக்கிறேன். ஒரு கள்ளி தானாகப் பூத்து அதுவரை நான் கண்ணால் கண்டதில்லை. இது ஒன்று பூத்துவிட்டால் போதும், நர்சு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

முதல் மார்கழி வீணாகப் போனது. இந்த இரண்டுக்கும் தண்ணீர் வேண்டாம் என்று தண்ணீர் ஊற்றுகிற அக்காவிடம் சொல்லிவைத்திருந்தேன். நான் லீவு போட்ட ஒரு வாரத்தில் அவர் சந்தேகப்பட்டு, ஊற்றவா வேண்டாமா என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது ஒன்று அழுகி, தொட்டால் விரல் பிசுபிசுவென்று உள்ளே போனது. மிஞ்சியது ஒன்றுதான்.

அடுத்த கார்த்திகை கடைசியில் அதை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். "மொதலாளி, இத மேல போடிமெட்டுல எங்க நாத்தனா வீட்டுல ரெண்டு மூணு மாசம் வைக்கப்போறேன். அங்கன குளிரு இருந்தாத்தான் இது பூக்கும். கொண்டுபோகட்டா?"

"இருக்கும்" என்றார். அதை நான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன். அவரிடம் ஆறு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட வித்தை அது ஒன்றுதான்.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்பில், டிரைவருக்குப் பக்கத்தில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். நாத்தனாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏன் மதினி, ஊருக்குள்ள கரடு பூராம் கள்ளி கெடக்க, இந்த ஒத்த முள்ளுருண்டைக்கு ஜீப் பயணமா? இதுக்கு ஒரு கம்பளி வேணும்னா சொல்லு, பின்னித் தாரேன்." கேலி செய்தாளே தவிர, மழைச்சாரல் படாமல் கூரைக்கு அடியில், வெயிலும் குளிரும் படுகிற மாதிரி ஒரு பலகையில் அதை வைத்துப் பார்த்துக்கொண்டாள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. தை மாதம் போன் செய்தபோது, "மதினி, உன் செல்லப்பிள்ள சுருங்கிப்போச்சு. செத்துருச்சோ என்னமோ" என்றாள்.  மாசி பாதியில் அவளே கூப்பிட்டாள். "அடியில செகப்பா மூணு மொளகு மாதிரி இருக்கு. பூச்சியா?"

பூச்சி இல்லை. மொட்டு.

நான் போய் இறக்கிக்கொண்டு வந்தேன். கீழே வந்த சூட்டில் இரண்டு மொட்டு கருகிவிட்டது. ஒன்று நின்றது. அந்த ஒன்றை நான் பார்த்துக்கொண்ட மாதிரி என் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேனா என்பது சந்தேகம்தான். சனிக்கிழமை காலை வெயிலுக்கு அது விரிந்தது. குங்குமத்துக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் ஒரு நிறம். செடி எவ்வளவு அகலமோ கிட்டத்தட்ட அவ்வளவு அகலம், நடுவில் மஞ்சள் தூள். பட்டு மாதிரி மெல்லிசான இதழ். சாயங்காலம் தானாக மூடிக்கொண்டது. நான் நர்சு அம்மாவின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன்.

"நாளைக்கு இங்கன வாங்கம்மா. நெசமாவே பூத்த கள்ளிய ஒங்களுக்குக் காட்டணும்."

"யாரு, அந்தக் கள்ளி விக்கிற பிள்ளையா?" என்றார். பிறகு, "வாரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருந்தது. எதிர்க் கடையில் டீ குடிப்பவர்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லது, எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் நான் நினைத்தேன். முதலாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் செடியை வைத்திருந்தேன். வெயில் பட்டுப் பூ விரிந்திருந்தது. நர்சு அம்மா வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"என்னத்தா இது, இடுப்புல பூத்திருக்கு? கள்ளிப் பூவு உச்சியிலதான இருக்கும்?"

"அதெல்லாம் நாங்க ஒட்டுறதும்மா. நெசமா பூத்தா இந்தச் சாதிக்கு இப்படித்தான் பக்கத்துல வரும். போடிமெட்டுல குளிருல வச்சுப் பூக்க வச்சேன்."

"போன தடவையும் இப்பிடித்தான் நல்லா இருந்துச்சு" என்றார். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு முதலாளியிடம் போனார். "அய்யா, ஒங்க வார்த்தைய நான் நம்புறேன். நீங்க பொய் சொல்ல மாட்டீக. இது நெசப் பூவா, ஒட்டா? நீங்க சொல்லுங்க."

எனக்கு உயிர் வந்தது. அவரை இந்த ஊரில் நம்புகிற ஒருத்தர் கேட்கிறார். அவர் கண் முன்னால் அந்தச் செடி மலைக்குப் போயிருக்கிறது, மலையிலிருந்து வந்திருக்கிறது. "ஆமாம்" என்ற ஒரு சொல் போதும். என் பெயர் திரும்பக் கிடைத்துவிடும். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சொல்லுங்க மொதலாளி" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

தலை ஆடியது. "இருக்கும்" என்றார்.

"அப்பிடியா" என்றார் நர்சு அம்மா. முக்காலிக்குத் திரும்பி வந்தார். நான் கையை நீட்டுவதற்குள் அந்தப் பூவை இரண்டு விரலால் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார்.

பூ வந்தது. பசை வரவில்லை. அறுந்த காம்பில் ஈரம் கசிந்து அவர் விரலில் இறங்கியது. மகரந்தம் அவருடைய வெள்ளைச் சேலையில் மஞ்சளாக உதிர்ந்தது. விரலை விரலோடு தேய்த்துப் பார்த்தார். மூக்குக்கிட்டக் கொண்டுபோனார். அவருடைய முகம் மாறியதை எல்லோரும் பார்த்தார்கள்.

"ஆண்டவரே" என்றார். "நெசமாத்தான் பூத்திருக்கு."

  நான் இரண்டு மார்கழி காத்திருந்த பூ அவர் கையில் துவண்டு கிடந்தது.

அந்த அம்மா முதலாளியிடம் சத்தம் போட்டார். "ஏன்யா, ஒரு வார்த்த ஆமான்னு சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தா இதத் தொட்டிருப்பேனா நான்? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீக?"

அன்றைக்குத்தான் முதலாளியின் முகத்தில் அந்த இரக்கம் இல்லாமல் பார்த்தேன். உண்மையாகவே திகைத்துப்போயிருந்தார். "எனக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்றார். "இந்தப் பிள்ள ஒட்டுனதுன்னுல்ல நெனச்சேன். எப்பவும் உச்சியில ஒட்டுவா. இன்னைக்கு இடுப்புல ஒட்டியிருக்காளே, நல்லாப் பொருத்தமா இருக்கேன்னு காலையிலிருந்து பாத்துக்கிட்டிருந்தேன்."

அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு சொல் பொய் இல்லை. ஆறு வருடம் நான் அவரைப் பெரிய சூழ்ச்சிக்காரர் என்று நினைத்துப் பயந்து, வெறுத்து, உள்ளுக்குள் கொஞ்சம் வியந்தும் இருந்திருக்கிறேன். சூழ்ச்சியும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. அவர் எதையும் பார்த்ததே இல்லை. மாங்கன்றையும் பார்க்கவில்லை, பெண்டாட்டியையும் பார்க்கவில்லை, கண்ணுக்கு முன்னால் மலைக்குப் போய்வந்த செடியையும் பார்க்கவில்லை. தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்ட ஒரு மனிதர், அவ்வளவுதான். அதோடு, ஊர் என்னைக் கள்ளி என்று சொன்னதை அவரும்தான் மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார். என்ன ஒன்று, அவர் அதைப் பாராட்டாக வைத்திருந்தார்.

நர்சு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு இதே எடத்துல ஒன்னையக் கள்ளின்னு சொன்னேன். தப்புத்தான் ஆத்தா. இத்தன பேரு முன்னாடி சொல்றேன், தப்பு. இந்தப் பாழாப்போன கை, பிள்ளைப்பேறு பாத்த கை, இப்பிடிப் பண்ணிருச்சே." டீக்கடைப் பக்கம் இருந்தவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. வாங்கி வைத்துக்கொள்ளத்தான் அந்த நேரத்தில் எனக்குத் தெம்பு இல்லை. அன்று காலையில்கூட நாற்பது கள்ளிக்குப் பூ ஒட்டியிருந்தேன். அவை எனக்குப் பின்னால் வரிசையாக இருந்தன.

முக்காலியிலிருந்து செடியை எடுத்தேன். அடியில், பூ இருந்த இடத்தில், ஒரு சின்னப் பச்சைக் காயம். பூ ஒட்டுவதற்காக மாட்டியிருந்த கையுறையைக் கழற்றி முக்காலியின் மேல் வைத்தேன். தொட்டியை அணைத்துக்கொண்டு சாலைக்கு நடந்தேன்.

"செடிய எங்கனத்தா கொண்டுபோற?" என்று முதலாளி பின்னால் கேட்டார். நான் நடந்துகொண்டே இருந்தேன். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை. ஒரு நிமிடம் கழித்து, "நாளைக்கு வருவியா?" என்றார்.

நான் நின்று திரும்பினேன். "வர மாட்டேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டவில்லை. நான் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மீதிக்காக என் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.